வெட்டிய இரண்டு எண்ணிக்கை

செப்டம்பர் 23

தாளாளர் வெயிலுமுத்து முகத்து வேர்வையை வழித்த அதே கையால் லட்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து வேப்பமரத்தடி எறும்புகளுக்குப் போட்டுவிட்டுக் கையைக் குழாயில் கழுவினேன்.

எங்கள் பள்ளி பேண்டு மாவட்டப் போட்டியில் முதலிடம் வாங்கியிருக்கிறது. அதற்குத்தான் லட்டு. நவம்பர் 16 மதுரையில் மண்டலப் போட்டி. சந்தோஷமான செய்திதான். அதைக் கெடுக்கவே மனிதர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"டீச்சர், பிள்ளைக சும்மா கிரவுண்டுல தட்டிக்கிட்டு இருந்தா ஊருக்கு என்ன தெரியும்? போட்டிக்குள்ள ஒரு ஆறேழு இடத்துல இறக்கிருவோம். கடை திறப்பு, வரவேற்பு, எவன் கூப்பிட்டாலும் போவோம். அடுத்த வருசம் அட்மிஷன் பிச்சிக்கிட்டுப் போகும். தேதி போடுறது, வேன், நோட்டீசு, வாட்ஸ்அப்பு எல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க."

"நான் டிராயிங் டீச்சர் சார்."

"அதான் சொல்லுதேன். படம் போடுற கைக்கு நோட்டீசு வராதா?"

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கோவில்பட்டியில் பெண் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மண்பானையும் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். செண்பகவல்லி என்று எனக்கொரு பெயர் இருப்பது பாதி ஆசிரியர்களுக்குத் தெரியாது. 'டிராயிங்கு' என்றால்தான் தெரியும். என் வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கேட்டுப் பிடுங்கிக்கொள்வார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செப்டம்பர் 30

அட்டவணை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நான்கு வண்ணம். அக்டோபர் 5 கட்சிக்காரர் ஒருவருக்கு வரவேற்பு, 15 துணிக்கடை திறப்பு, 27 வியாபாரிகள் நடத்தும் தீபாவளித் திருவிழா. இன்னும் மூன்று இடம் பேச்சில் இருக்கிறது.

உடற்பயிற்சி ஆசிரியை எப்சிபா அதைப் படித்துவிட்டு நேரே ஓவிய அறைக்கு வந்தாள். பேண்டைப் பழக்குபவள் அவள்தான். "செண்பகா, இது போட்டிக்குப் போற பிள்ளைகளா, ஊர்வலத்துக்குப் போற பிள்ளைகளா? பெரிய டிரம்மு எட்டு கிலோ. தோளு என்னத்துக்காகும்?" என்று கத்தினாள். தாளாளரிடம் போய்க் கத்து என்றேன். அங்கே போய் அவள் எங்கே கத்தினாள்? தலையாட்டிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பயிற்சியைப் பார்க்கப் போனேன். பயிற்சி தொடங்குமுன் சத்துணவுக்கூடத்துச் சாம்பார் வாளி வரிசையாக வரும். பிள்ளைகள் ஒளித்து வைத்திருக்கும் போன்களை எல்லாம் அதில் போட்டுவிட வேண்டும். எவளும் படம் எடுத்து வெளியே விட்டுவிடக் கூடாது என்று எப்சிபாவின் சட்டம். எத்தனை தேய்த்தாலும் போகாத புளித்த வாடை அந்த வாளிக்கு. என் முன்னால் நீட்டினார்கள். ஆசிரியையிடமே நீட்டுவதா? மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிட்டேன்.

சட்டம் எதற்கு என்பது பிறகு புரிந்தது. சைடு டிரம் தலைவி பேச்சித்தாய், பன்னிரண்டாம் வகுப்பு, ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். உச்சத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா வாத்தியமும் ஒரே அடியில் நின்றுவிடுகிறது. கால்கள் மட்டும் நடக்கின்றன. எட்டு எண்ணும் வரை சத்தமே இல்லை. இருபத்தைந்து ஜோடி ஷூ மட்டும் மண்ணில் விழுகிறது. ஒன்பதில் எல்லாம் சேர்ந்து அடிக்கிறார்கள். யாரும் சைகை காட்டுவதில்லை, வாய்விட்டு எண்ணுவதில்லை. மாவட்டப் போட்டியில்கூட இதைக் காட்டவில்லை, மதுரைக்கென்று பொத்தி வைத்திருக்கிறார்கள். 'எட்டு' என்றுதான் அவர்களுக்குள் அதற்குப் பெயர்.

எனக்குப் புல்லரித்தது. எழுதி வைப்பதில் தப்பில்லை.

அக்டோபர் 5

கண்றாவி. இரண்டு மணிக்கு வருவார் என்ற பெரிய மனிதர் ஐந்து மணிக்கு வந்தார். மூன்று மணி நேரம் பிள்ளைகள் வெயிலில், ஜரிகை வைத்த அந்தக் கம்பளிச் சட்டையில் நின்றார்கள். பக்கத்தில் சாக்கடை. கரையில் ஈ மொய்க்கும் பிரியாணிப் பொட்டலங்கள். அங்கேதான் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமாம்.

வேட்டிக்கார ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளின் காலையும் இடுப்பையும் படம் எடுத்தார்கள். ஒருவன் வெற்றிலையைத் துப்பியதில் சிம்பல் தாளம் தட்டும் பிள்ளையின் வெள்ளைக் கையுறை சிவப்பாகிவிட்டது. அவள் அழாமல் கையுறையை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். த்தூ. இவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கும்.

வேனில் திரும்பும்போது பேச்சித்தாய் தோளைக் காட்டினாள். வார்ப்பட்டை அறுத்துத் தோல் உரிந்திருந்தது. "பரவால்ல டீச்சர். மதுரைக்கு அம்மா வாராங்க. தீப்பெட்டிக் கம்பெனில அன்னைக்கு லீவு சொல்லிட்டாங்க. நான் வாசிச்சு இதுவரைக்கும் பாத்ததே கிடையாது" என்றாள்.

அக்டோபர் 6

ஞாயிற்றுக்கிழமை. கையுறைகளை நானே துவைத்தேன். கறை போகவில்லை.

அக்டோபர் 13

துணிக்கடைக்காரர் போன் போட்டார். "மழை பெய்யுது, கூட்டம் வரலைன்னா நீங்கதான் பொறுப்பு" என்கிறார். இவர் கடைக்குக் கூட்டம் வராவிட்டால் நான் பொறுப்பாம். தாளாளரும் போன் போட்டார். "நோட்டீசு எவன் படிக்கான்? வீடியோவா போடுங்க டீச்சர்."

என்னிடம் வெறும் அணிவகுப்புக் காட்சிகள்தான் இருந்தன. கல்யாண ஊர்வலம்போல் சப்பென்று இருந்தன. பயிற்சியின்போது ஓவிய அறை ஜன்னலிலிருந்து எடுத்தது ஒன்று இருந்தது. அது நன்றாக இருந்தது. கடைப் பெயரைப் போட்டு முப்பது விநாடிக்குள் அடக்கினேன். சத்தமில்லாத இடம் மட்டும் நீளமாகத் தெரிந்தது. போனில் பார்க்கிறவன் அவ்வளவு நேரம் பொறுப்பானா, கெட்டுப்போன வீடியோ என்று தள்ளிவிட்டுப் போவான். அதனால் நடுவில் கொஞ்சம் வெட்டினேன். காட்சி குதிக்கக் கூடாதென்று இடது காலிலிருந்து இடது காலுக்கு ஒட்டினேன். வெட்டியது யாருக்கும் தெரியாது. என் கைவேலை அப்படி.

வியாபாரிகள் சங்கம், வீட்டுமனை ஆட்கள், தீப்பெட்டி முதலாளிகள் என்று ஏழு குழுவுக்கு அனுப்பினேன். பிள்ளைகள் இருக்கும் குழு எதற்கும் அனுப்பவில்லை. எப்சிபா பழைய பொத்தான் போன்தான் வைத்திருக்கிறாள். எதற்கு வீண் சத்தம்.

அக்டோபர் 15

கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். "எல்லாம் நம்ம செண்பகவல்லி டீச்சர் வேலை. நாலாயிரம் பேரு பாத்துருக்கான் அந்த வீடியோவ."

பெயரைச் சொன்னார். டிராயிங்கு என்று சொல்லவில்லை.

பேண்டு வழக்கமான பாட்டைத்தான் வாசித்தது. 'எட்டை' வாசிக்கவில்லை. நனைந்த காலுறைகளோடு இருபத்தைந்து பிள்ளைகள் வேனில் ஏறியதும் வந்த வாடையில் டிரைவரே வாந்தி எடுக்கப் பார்த்தார்.

அக்டோபர் 27

தீபாவளித் திருவிழா. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் பேண்டையும் கூப்பிட்டிருந்தார்கள். பச்சைச் சட்டை. மதுரையில் எங்களுக்கு எதிராக நிற்கப்போகிறவர்கள்தான். முதலில் அவர்களை வாசிக்க விட்டார்கள்.

பாதியில் நின்றார்கள். எல்லா வாத்தியமும், ஒரே அடியில்.

கால்கள் மட்டும் நடந்தன. எங்கள் பிள்ளைகள் அப்படியே சிலையாகிவிட்டார்கள். எப்சிபா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. நான் எண்ணினேன். ஆறு. ஏழாவதில் அவர்கள் அடித்தார்கள். கூட்டம் விசில் அடித்துக் கைதட்டியது. அவர்கள் அதை இன்னொரு முறையும் செய்தார்கள். மறுபடி எண்ணினேன்.

ஆறு.

காலையில் தின்ற இட்லி கெட்டுப் போயிருக்க வேண்டும். துணிப்பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். எங்கள் பிள்ளைகள் எப்படி வாசித்தார்கள் என்று பார்க்கவில்லை. பேச்சித்தாய் குச்சியைக் கீழே போட்டுவிட்டதாக வேனில் பேசிக்கொண்டார்கள். அவள் அப்படிப் போடுகிறவள் அல்ல.

அக்டோபர் 28

போனில் இடமே இல்லை. பழைய குப்பைகளைக் கொஞ்சம் அழித்தேன்.

நவம்பர் 4

தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலை விசாரணை. தாளாளர் அறையில் பேச்சித்தாய், அவள் அம்மா சுடலி, எப்சிபா, நான். நான் குறிப்பெடுக்க.

பச்சைச் சட்டைப் பேண்டில் சிம்பல் வாசிக்கும் பெண் பேச்சித்தாய்க்கு அத்தை மகளாம். யாரோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், தாளாளருக்குக் கதை முடிந்துவிட்டது. அந்த மனிதருக்கு டிரம்முக்கும் தகர டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. தன் போனிலேயே அந்த வீடியோவைப் பத்து முறை பார்த்தவர், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"நான் குடுக்கல சார். அவகூட நாங்க பேசியே ரெண்டு வருசமாச்சு. எங்க அப்பா சாவுக்கே அவங்க வரல."

"பெறகு எப்பிடிம்மா போச்சு? காத்துல பறந்து போச்சா?"

சுடலி தீப்பெட்டி மருந்து படிந்து நகமெல்லாம் பழுப்பேறிய கையால் மகளின் பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்லுதீய டீச்சர்? படம் கிடம் எடுத்து அனுப்பிருப்பாளுகளா?"

"பிள்ளைக எல்லாரும் போனை வாளியில போட்டிருந்தாங்க சார். படம் எடுத்திருக்க முடியாது" என்றேன்.

"அப்ப வாயால சொல்லிக் குடுத்துருக்கா. அதானே?"

நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் போனை வாளியில் போட்டிருந்தது உண்மைதானே.

பேச்சித்தாயைப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே வரும்போது அவள் டிரம் வார்ப்பட்டையைக் கழற்றி எப்சிபாவிடம் நீட்டினாள். எப்சிபா அதை வாங்காமல் நின்றாள். கீழே விழுந்தது. நான்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன். உள்பக்கம் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தது.

நவம்பர் 8

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தலைவியாக்கிப் பழக்குகிறார்கள். எட்டு எண்ணுவதற்குள் மூன்று பேர் முந்திக்கொண்டு அடித்துவிடுகிறார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 11

மதிய இடைவேளையில் பேச்சித்தாய் ஓவிய அறைக்கு வந்தாள். நான் மதுரைப் போட்டிக்கு விளம்பரத் தட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அவங்க ஆறுதான் எண்ணுதாங்க."

"எவங்க?"

"பச்சச் சட்டைக்காரங்க. எங்கிட்ட படிச்சிருந்தா எட்டுல்லா எண்ணணும்?"

தூரிகையைக் கழுவினேன். கழுவிய தூரிகையை மறுபடியும் கழுவினேன்.

அவள் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு போனை எடுத்தாள். கண்ணாடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. "இது அம்மா போனு. அவங்க கம்பெனி முதலாளி எல்லாருக்கும் அனுப்பிருக்காரு. எம் மகள்னு அம்மா அழிக்காம வச்சிருக்காங்க. நான் நேத்துதான் பாத்தேன்."

ஓடவிட்டாள். துணிக்கடைப் பெயர், நான் தேர்ந்தெடுத்த மஞ்சள் எழுத்து. முழக்கம். பிறகு கால்கள். ஆறு. முழக்கம். நடுவில் ஓவிய அறை ஜன்னல் கம்பி ஓரமாகத் தெரிந்தது. அதே ஜன்னல் அவளுக்குப் பின்னால் இருந்தது.

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எதுக்கு டீச்சர் அந்த ரெண்ட வெட்டுனீய?" என்றாள். "ஒரு மாசம் முட்டிமோதி எண்ணிப் பாத்து வச்சது. ஆறுல நிறுத்துனா மூச்சு வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கும். எட்டுலதான் பாக்குறவங்களுக்குப் பயம் வரும்."

"எப்சிபா டீச்சர்ட்ட காட்டிட்டியா?"

"இல்ல. திருடி சாட்சி செட்டப்பு பண்ணிக் கொண்டாந்துருக்கான்னு சொல்லுவாங்க. நீங்களே சொல்லிருங்க."

மணி அடித்தது. போய்விட்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அக்டோபர் 5 அன்று அந்த வெற்றிலைக்காரனை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 12

தாளாளரிடம் போனேன். சொல்லத்தான் போனேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், மேசைமேல், வருகைப் பதிவேட்டின்மேல். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க செண்பகவல்லி டீச்சர்" என்றார்.

"சார், பேச்சித்தாயை மன்னிச்சுச் சேத்துக்கிடலாம். அவ இல்லாம மதுரையில தோத்துருவோம்" என்றேன்.

என் வாயிலிருந்து அதுதான் வந்தது. மன்னிச்சு.

யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் பதினான்காம் தேதி குழந்தைகள் தினக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். "நிகழ்ச்சி நிரல்ல போட்டுருங்க டீச்சர்."

போட்டேன். 9.00 தமிழ்த்தாய் வாழ்த்து. 9.05 குறள். 9.10 பேச்சித்தாய், பன்னிரண்டாம் வகுப்பு. 9.15 இனிப்பு வழங்குதல். நான்கு வண்ணத்தில் எழுதினேன். பழக்க தோஷம். முடித்துவிட்டுப் பார்த்தபோது அந்தத் தாளைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

பேச்சித்தாயிடம் நான் போய்ச் சொல்லவில்லை. வகுப்பாசிரியையிடம் சொல்லி அனுப்பினேன். "வாரேன்" என்று ஒரே வார்த்தை சொன்னாளாம்.

நவம்பர் 14

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் மைதானத்தில். மேடையில் நாங்கள். பேண்டு முன்வரிசையில், பேச்சித்தாயின் இடம் மட்டும் காலி. மேடை ஓரத்தில் இனிப்புத் தட்டு, அதன்மேல் ஈ.

பெயரைக் கூப்பிட்டார்கள். பேச்சித்தாய் மேடை ஏறினாள். இஸ்திரி போட்ட சீருடை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். வாயைத் திறக்கவில்லை.

கீழே சலசலப்பு அடங்கியது. அவள் வலது காலை மெல்லத் தூக்கி வைத்தாள், இடது காலைத் தூக்கி வைத்தாள். நின்ற இடத்திலேயே நடந்தாள். பலகை மேடை, சத்தம் மைக்கில் விழுந்தது. முன்வரிசையில் யாரோ ஒரு பேண்டுப் பிள்ளையின் கால் கூடச் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் இருபத்து நான்கு ஜோடி ஷூவும் சேர்ந்துகொண்டன. "என்ன செய்யுதா இவ?" என்றார் தாளாளர்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் எண்ணத் தொடங்கியிருந்தேன். மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஆறில் முடிந்துவிடும் என்று என் உடம்பு எதிர்பார்த்தது, முடியவில்லை. ஏழு. நான் வெட்டி எறிந்த இரண்டில் ஒன்று. அவள் சொன்ன பயம் இதுதானா? எட்டு.

ஒன்பதில் எழுந்துவிட்டேன்.

மைக்குக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. "அந்தப் பிள்ளை கொடுக்கல. நான் கொடுத்தேன்" என்றேன். "ஜன்னல்ல இருந்து படம் எடுத்து, கடைக்கு விளம்பரம் போட்டேன். நாலாயிரம் பேரு பாத்தான்னு சந்தோஷப்பட்டேன். விசாரணையில வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். பேச்சித்தாய், நான்தான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

கைதட்டல் எதுவும் இல்லை. நல்லவேளை. தட்டியிருந்தால் அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன். எப்சிபா மேடையிலிருந்து இறங்கி அலமாரிக்குப் போய் வார்ப்பட்டையை எடுத்து வந்தாள். பேச்சித்தாய் வாங்கி மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். தாளாளர் என் காதருகே, "இத எங்கிட்டத் தனியா சொல்லிருக்கலாமே டிராயிங்கு" என்றார். அவர் வாயில் மைசூர்பாகு வாடை.

நவம்பர் 16

அட்டவணை, விளம்பரம் எல்லாப் பொறுப்பிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். மேலே என்ன நடவடிக்கை என்று திங்கட்கிழமை சொல்வார்களாம். மதுரைக்கு நான் போகக் கூடாது. காலையில் வேன் புறப்படும்போது வழியனுப்ப மட்டும் வாசலில் நின்றேன். முன் இருக்கையில் சுடலி, புதுச் சேலையில். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும்.

எப்சிபாவிடம், "பச்சைச் சட்டைக்காரங்க முதல்ல வாசிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். பேசாமலே போய்விடுவாள் என்று நினைத்தேன். "பேச்சி எட்ட மாத்த மாட்டாளாம். எங்களோடத எங்க அளவுல வாசிச்சுட்டு வாரோம்னு சொல்லிட்டா" என்றாள்.

புறப்படுமுன் வாளி வந்தது. ஒவ்வொருத்தியாகப் போனைப் போட்டார்கள். கடைசியில் பேச்சித்தாய் வாளியைத் தூக்கிக்கொண்டு வேனிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"போனு டீச்சர்."

நான் போட்டிக்கு வரவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. அதே புளித்த சாம்பார் வாடை. மூக்கைப் பொத்தவில்லை. போட்டேன்.

வேன் போய்விட்டது. பதினொன்றரைக்கு வாசிப்பார்கள். என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது? என் போன் அவர்களோடு மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஓவிய அறை ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.